புரதப் பவுடர் கொடுத்தால் மகனுக்குக் காது கேட்குமா?

கடிதம்

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து 26 வயதுத் தாய் ஒருவர் ஏழு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் அவருடைய தாய்மாமா. ஒரே மகன், 16 மாதம் ஆகிறது. பிறந்தபோது காதுக்கு எந்தப் பரிசோதனையும் நடக்கவில்லை. எட்டாம் மாதத்தில், கூப்பிட்டால் திரும்பவில்லையே என்று கேட்டதற்கு, "ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசும். இரண்டு வயது வரை பொறுங்கள்" என்று ஒரு மருத்துவர் அனுப்பிவிட்டார். ஒரு வயதில் வேறோர் இடத்தில் பெரா பரிசோதனை (காதில் ஒலி கொடுத்து, அதற்கு மூளைத்தண்டு வரை எழும் மின் அலையை அளப்பது) செய்தார்கள். இரண்டு காதிலும் 90 டெசிபல் வரை ஒலி கொடுத்தும் அலை வரவில்லை. "நரம்பு வீக்" என்று சொல்லிக் காதுக் கருவி மாட்டினார்கள். அது 'கூ' என்று விசில் அடிக்கிறது, பையன் பிடுங்கி எறிகிறான். கருவி இப்போது பீரோவில் இருக்கிறது. போன மாதம் மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. சிடிஎச்23 என்ற மரபணுவின் இரண்டு பிரதியிலும் ஒரே மிஸ்சென்ஸ் பிழை (புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறுவது), கேட்ஹெரின் 23 என்ற கட்டமைப்புப் புரதம் பாதிப்பு என்று போட்டிருந்தது.

அதை இணையத்தில் தேடியவர், இதே மரபணுவால் கண்ணும் போகும் என்று படித்துவிட்டு மூன்று வாரமாகத் தூங்கவில்லை. வீட்டில் வேறு கதை ஓடுகிறது. கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் கோயில் திருவிழாவில் வேட்டுச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றதுதான் காரணம் என்கிறார் மாமியார். கணவர், "புரதம்தானே குறைச்சல்?" என்று புரதப் பவுடர் இரண்டு டப்பா வாங்கி வந்துவிட்டார். சொந்தக்காரர் ஒருவர், சீனாவில் ஒரே ஊசியில் குழந்தைக்குக் காது வந்த வீடியோவை அனுப்பி, ஆபரேஷனுக்கு அவசரப்படாதே என்கிறார். மருத்துவமனையில் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற மின்கருவியை உள்காதில் வைக்கச் சொல்கிறார்கள். நரம்பே பழுதென்றால் அது எப்படி வேலை செய்யும்? தட்டு விழுந்தால் திரும்பிப் பார்க்கிறானே, அப்படியானால் கொஞ்சம் கேட்கிறதா? அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? இவைதான் கேள்விகள். பின்குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

ஏழு பக்கத்தில் நீங்கள் புகார் மாதிரி எழுதிய ஒரு வரியில்தான் என் கண் முதலில் நின்றது. "பதினொன்றாம் மாதமே நடந்துவிட்டான், கட்டிலிலிருந்து குதிக்கிறான், ஒரு இடத்தில் நிற்பதில்லை, பின்னாலேயே ஓடி எனக்கு முதுகு போய்விட்டது." உங்களுக்கு அது முதுகுவலி. எனக்கு அது உங்கள் கடிதத்திலேயே நல்ல செய்தி. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த டப்பா விஷயத்தை முடித்துவிடலாம்.

நாம் சாப்பிடும் பருப்பு, முட்டை, பால் எல்லாம் வயிற்றில் செரித்து அமினோ அமிலங்களாகத்தான் உடலுக்குப் போகின்றன. அவை செங்கல். எந்தச் செங்கலை எங்கே வைப்பது என்ற வரைபடம் மரபணுவில் இருக்கிறது. உங்கள் மகனுக்குச் செங்கல் தட்டுப்பாடே இல்லை. வரைபடத்தில் ஓரிடத்தில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது. லோடு லோடாகச் செங்கல் இறக்கினாலும் கொத்தனார் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கட்டுவார். அதனால் பவுடர் வேண்டாம். பருப்புச் சாதமும் முட்டையும் சாப்பிடுகிற பிள்ளைக்கு அது காதுக்கும் உதவாது, வேறு எதற்கும் தேவையில்லை. டப்பா பிரிக்காமல் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் கணவர்மேல் கோபப்படாதீர்கள். 'புரதம் பாதிப்பு' என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டு யாரும் விளக்கவில்லை என்றால் மனிதர் வேறு என்னதான் நினைப்பார்?

அந்தப் புரதம் காதுக்குள் என்ன செய்கிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு உண்டு. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 முடிச்செல்கள். ஒரு பேரூராட்சியின் ஜனத்தொகை, அவ்வளவுதான். இதில் ஒரே வரிசையாக நிற்கும் 3,500 சொச்சம் உள்வரிசைச் செல்கள்தான் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வெளியே மூன்று வரிசையில் நிற்கும் மீதிச் செல்கள் சின்ன ஒலியைப் பெரிதாக்கிக் கொடுக்கின்றன. முடிச்செல் என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அங்கே முடி கிடையாது. ஒவ்வொரு செல்லின் தலையிலும் நுண்ணிய குச்சிகள் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று படிக்கட்டு போல வரிசை கட்டி நிற்கும்.

ஒற்றை ஈர்க்குச்சியைப் பிடித்தால் வளைந்துவிடும். நூறு ஈர்க்கைச் சேர்த்து இறுக்கிக் கட்டினால் விளக்குமாறு விறைப்பாக நிற்கிறது. அந்தக் குச்சிகளுக்குள்ளும் இதே வேலைதான். ஆக்டின் என்ற புரத இழைகள் நூற்றுக்கணக்கில் நெருக்கமாக நிற்க, எஸ்பின், ஃபேசின், பிளாஸ்டின் என்ற புரதங்கள் அவற்றைக் குறுக்கே கட்டிப்போடுகின்றன. குச்சியின் அடிப்பாகம் மட்டும் ஒடுங்கி இருக்கும். அதனால் ஒலி தள்ளும்போது குச்சி நடுவில் வளையாது, விறைப்பாகவே அடியிலிருந்து சாயும்.

இப்போது உங்கள் மகனுடைய புரதத்துக்கு வருகிறேன். குட்டைக் குச்சியின் உச்சியிலிருந்து பக்கத்து நெட்டைக் குச்சியின் விலாவுக்கு ஓர் இழை கட்டியிருக்கிறது. சில பழைய வீடுகளில் தாழ்ப்பாளில் கயிறு கட்டி, கதவிலிருக்கும் ஓட்டை வழியாக வெளியே விட்டிருப்பார்கள். வெளியிலிருந்து இழுத்தால் தாழ் தூக்கும். அதே ஏற்பாடுதான். ஒலி வந்து குச்சிகள் நெட்டைப் பக்கம் சாய்ந்ததும் இழை விறைக்கும். இழையின் கீழ்முனையில், குட்டைக் குச்சியின் உச்சியில், ஒரு நுண்கதவு இருக்கிறது. டிஎம்சி1 என்ற புரதம் அந்தக் கதவின் முக்கியமான பாகம். கதவு திறக்கிறது, வெளியே காத்திருக்கும் பொட்டாசியம் உள்ளே பாய்கிறது, செல் விழித்துக்கொண்டு நரம்புக்குச் செய்தி தருகிறது. அடுத்த கணம் குச்சி பின்னால் வர, கதவு சாத்திக்கொள்கிறது. வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இது நடக்கிறது. மெல்லிய ஒலி ஒன்றைக் கேட்கும்போது குச்சிகள் அசையும் தூரம் தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு.

இழையும் அப்படித்தான். ஐந்நூறு இழைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீளவாக்கில் வைத்தால் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். இதை 1984இல் பிரிட்டனில் ஜேம்ஸ் பிக்கிள்ஸும் அவருடன் இருந்தவர்களும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள். எந்தப் புரதத்தால் ஆனது என்று உறுதியாகத் தெரிய 2007 ஆகிவிட்டது. மேல்பகுதி கேட்ஹெரின் 23. கீழ்ப்பகுதி புரோட்டோகேட்ஹெரின் 15. இரண்டும் நடுவில் கைகோத்து நிற்கின்றன. மேல்பகுதியில் மட்டும் 27 மணிகள் கோத்த மாதிரி 27 கண்ணிகள். கண்ணிக்குக் கண்ணி நடுவே கால்சியம் உட்கார்ந்து இழையை விறைப்பாக வைத்திருக்கிறது.

'கால்சியம்' என்றதும் அடுத்த டப்பா வாங்கிவிடாதீர்கள்! கோழிக்குஞ்சின் முடிச்செல்களில் கால்சியத்தை உறிஞ்சியெடுத்து இந்த இழைகளை ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். கால்சியத்தைத் திரும்பக் கொடுத்ததும் ஒரு நாளுக்குள் இழைகள் மறுபடி உருவாயின. ஆச்சரியமான விஷயம்தான். ஆனால் அந்தக் குஞ்சின் செல்லிடம் சரியான வரைபடம் இருந்தது. உங்கள் மகனுக்கு எத்தனை தடவை இழை உருவானாலும் அதே பிழையோடுதான் உருவாகும். அந்த 27 கண்ணிகளில் ஒன்றில் ஓர் அமினோ அமிலம் மாறிப்போயிருக்கிறது. இழை நிலைக்கவில்லை. கதவு இருக்கிறது, இழுக்கக் கயிறு இல்லை.

"நரம்பு வீக்" என்று சொன்னார்களே?

எங்கள் தொழிலின் சோம்பல் அது. செவிப்பறை, எலும்பு வரையுள்ள கோளாறு ஒரு பெட்டி. அதற்கு உள்ளே எது கெட்டாலும் 'நரம்பு' என்று இன்னொரு பெட்டி. ஓ.பி.யில் வெளியே ஐம்பது பேர் நிற்கும்போது நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் அந்தச் சொல் உங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது.

அவன் செவிப்பறை நன்றாக இருக்கிறது. எலும்புகள் நன்றாக இருக்கின்றன. பழுது முடிச்செல்லின் தலையில். அந்தச் செல்லுக்குப் பின்னால் இருக்கும் செவிநரம்பைக் கட்டுவதில் இந்த இழைக்கு வேலை இல்லை. அந்த நரம்பு செய்திக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. காக்ளியர் இம்ப்ளான்ட் முடிச்செல்லைச் சரிசெய்வதில்லை. அதைத் தாண்டிப்போய், காக்ளியாவுக்குள் வைத்த மின்முனைகள் மூலம் நேராக நரம்பைத் தட்டுகிறது. அதனால் முடிச்செல்லில் மட்டும் கோளாறு உள்ள குழந்தைகளுக்குப் பொதுவாக நல்ல பலன் கிடைக்கிறது. நரம்பே மெலிந்திருக்கும் குழந்தைகளில்தான் நாங்கள் தயங்குவோம். உங்களைப் பயமுறுத்திய அந்த மரபணு ரிப்போர்ட், ஆபரேஷனை நம்பிச் செய்யலாம் என்பதற்கு ஆதாரமாகத்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்து நரம்பு இருப்பதையும் காக்ளியாவின் வடிவத்தையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் செய்வார்கள்.

அதற்காக, பழைய காது அப்படியே திரும்பக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 15,000 செல்கள் செய்யும் வேலையைப் பன்னிரண்டு முதல் இருபத்திரண்டு மின்முனைகள் செய்யப்போகின்றன. பேச்சு பழகிவிடும். கல்யாண வீட்டு இரைச்சலில் ஒருவர் குரலைப் பிரித்துக் கேட்பதும், இசையின் நெளிவும் கடினம். மயக்க மருந்து, காயத்தில் தொற்று, மூளையுறைக் காய்ச்சல் என்ற ஆபத்துகளும் உண்டு, எல்லாம் அபூர்வம். கடைசியில் சொன்னதற்காகத்தான் முன்கூட்டியே நியூமோகாக்கல் தடுப்பூசி போடச் சொல்வார்கள். போட்ட அட்டையை எடுத்து வையுங்கள்.

தட்டு விழுந்தால் திரும்புகிறான் என்கிறீர்கள். தரை அதிர்வு காலில் தெரியும், நீங்கள் திடுக்கிடுவது கண்ணில் தெரியும். தாழ்ந்த சுருதியில் கொஞ்சம் கேட்கவும் செய்யலாம். பெரா பெரும்பாலும் உயர் சுருதியைத்தான் அளக்கிறது. அந்த மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவாவது கருவியை பீரோவிலிருந்து எடுங்கள். விசில் அடிப்பது கருவியின் கோளாறாக இருக்காது. காதுக்குள் வைக்கும் அச்சு லூசாகிவிட்டது. இந்த வயதில் காது வளர்கிறது, சில மாதத்துக்கொரு முறை புது அச்சு எடுக்க வேண்டும். லூசான அச்சின் இடுக்கு வழியாக ஒலி கசிந்து மைக்குக்கே திரும்பிப் போவதால்தான் அந்தக் 'கூ'. ஆடியாலஜிஸ்டிடம் போனால் பஞ்சு மாதிரி ஒரு பேஸ்ட்டை வைத்துப் பத்து நிமிஷத்தில் அளவெடுத்துவிடுவார். தலையைச் சுற்றி ஒரு துணிப்பட்டி, சட்டைக் காலரோடு ஒரு கிளிப்; பிடுங்கி எறிந்தாலும் தொலையாது.

கண் போய்விடுமா?

இப்போது அந்த முதுகுவலி வரிக்கு வருகிறேன்.

நீங்கள் படித்தது அஷர் கூட்டுநோய் முதல் வகை. அது உண்மையான நோய்தான், சிடிஎச்23 அதற்கான மரபணுக்களில் ஒன்றுதான். இந்தப் புரதம் கேட்கும் செல்களுக்கு மட்டும் சொந்தமில்லை. சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உள்காதுச் செல்களிலும் இதே இழைதான் கதவை இழுக்கிறது. விழித்திரையிலும் இந்தப் புரதம் இருக்கிறது. புரதமே உருவாகாத அளவுக்குப் பெரிய பிழை என்றால் காது, சமநிலை, பிறகு கண் என்று மூன்றும் பாதிக்கப்படும். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பிறவியிலேயே சமநிலை உணர்வு இருக்காது. கழுத்து தாமதமாக நிற்கும், உட்காருவது தாமதமாகும், நடக்கப் பெரும்பாலும் ஒன்றரை வயது தாண்டும். பதினொன்றாம் மாதத்தில் நடந்து, கட்டிலிலிருந்து குதிக்கிற பையன் அந்தப் படத்தில் பொருந்தவில்லை. இரண்டாவது, அவனுக்கு இருப்பது ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறுகிற மிஸ்சென்ஸ் பிழை. இரண்டு பிரதியிலும் இந்த மாதிரிப் பிழை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் காது மட்டுமே பாதிக்கப்படுகிறது. புரதம் ஓரளவு வேலை செய்தாலே கண்ணுக்கும் சமநிலைக்கும் போதுமாக இருக்கிறது, காதுக்குத்தான் போதவில்லை என்று தோன்றுகிறது.

இதை வைத்து நான் உத்தரவாதம் எழுதிக் கொடுக்க மாட்டேன். விழித்திரை மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். ஈ.ஆர்.ஜி. என்ற பரிசோதனை, கண்ணுக்குள் மாற்றம் வெளியே தெரிவதற்கு முன்பே சொல்லிவிடும். பள்ளிக்குப் போகும் வயதில் மறுபடி ஒரு தடவை. மங்கலான வெளிச்சத்தில் தடுமாறுகிறானா என்று மட்டும் கவனியுங்கள். அப்புறம், ராத்திரி இரண்டு மணிக்குத் தேடுவதை நிறுத்துங்கள். இணையம் அந்த மரபணுவில் வரக்கூடிய எல்லாப் பிழைகளையும் சேர்த்துப் பேசும். உங்கள் மகனுக்கு இருப்பது அதில் ஒன்று.

ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் ஒரு கறுப்பு எலி ரகத்துக்கும் இதே மரபணுவில் ஒரு சின்னப் பிழை உண்டு. அதற்கு வயதாக ஆகக் காது மந்தமாகும். கண்ணுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. ஒரே மரபணு, எத்தனை விதமான கதை!

சீனாவில் போட்ட ஊசி

வீடியோ பொய்யில்லை. ஷாங்காயில் ஃபுடான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆறு குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சை கொடுத்ததில் ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் வந்ததை 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். எனக்கும் அதைப் படித்த அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு இல்லாமல் போனது ஓட்டோஃபெர்லின் என்ற வேறொரு புரதம். அது முடிச்செல்லின் அடியில், நரம்புக்குச் செய்தியைக் கைமாற்றிவிடும் இடத்தில் வேலை செய்வது. அவர்களுடைய குச்சிகளும் இழைகளும் கதவும் முழுசாக இருந்தன. கடைசி ஆள் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தியதும் வரிசை ஓட ஆரம்பித்துவிட்டது.

உங்கள் மகனுக்குத் தேவைப்படுவது கட்டுமான வேலை. கேட்ஹெரின் 23 குச்சிகள் வரிசையாக உருவாகும்போதே, கருவிலேயே, வேலை செய்யத் தொடங்கிவிடுகிற புரதம். பிறகு கொண்டுபோய்க் கொடுத்தால் எவ்வளவு ஒழுங்காகும் என்பது வேறு கேள்வி. மரபணுவும் மிகப் பெரியது. அதைச் சுமந்துபோகும் வைரஸ் ஒரு டூவீலர் என்றால் இது டிராக்டர் லோடு. ஓட்டோஃபெர்லினே ஒரு வண்டியில் ஏறாமல் இரண்டாகப் பிரித்துத்தான் ஏற்றினார்கள். இது அதையும்விடப் பெரியது. சிடிஎச்23க்கு இன்று எந்த மருத்துவமனையிலும் அப்படியொரு ஊசி கிடையாது. யாராவது லட்சக்கணக்கில் கேட்டு இருக்கிறது என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. பிறவியிலேயே கேட்காத குழந்தையின் மூளையில், ஒலிக்கான பகுதி முதல் சில வருஷங்கள்தான் நெகிழ்வாக இருக்கும். மூன்றரை வயதுக்குள் இம்ப்ளான்ட் வைத்தவர்களின் மூளை ஒலிக்குத் தரும் பதில் மற்றக் குழந்தைகளைப் போலவே முதிர்கிறது. அதற்குப் பிறகு வைத்தால் அப்படிச் சொல்ல முடியாது. மூன்றரை என்பது கடைசி பஸ் மாதிரி. இரண்டு வயதுக்குள் முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் மகனுக்கு 16 மாதம். நான்கு மாதம் ஒருவர் பேச்சைக் கேட்டுப் போய்விட்டது. அதையே நினைத்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை, இன்னும் நேரம் இருக்கிறது.

யாரால் வந்தது என்ற பேச்சு

வேட்டுச் சத்தத்தால் வரவில்லை. இந்தப் பிழை கரு உண்டான அன்றே எழுதப்பட்டுவிட்டது. நீங்கள் திருவிழாவுக்குப் போனது அதற்கு ஏழு மாதம் கழித்து. கிரகணம், சாப்பிட்டது, சாப்பிடாதது எதற்கும் இதில் பங்கில்லை.

குழந்தைக்கு இரண்டு பிரதியிலும் பிழை என்றால் ஒன்று உங்களிடமிருந்து, ஒன்று உங்கள் கணவரிடமிருந்து. உங்கள் இருவருக்கும் மறுபிரதி சரியாக இருப்பதால் உங்களுக்குக் கேட்கிறது. உங்கள் கணவரும் உங்கள் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். அப்படியானால் இந்தப் பிழை உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி, தாத்தா இருவரில் ஒருவர் வழியாக இரண்டு கிளைக்கும் வந்திருக்க வேண்டும். அதாவது, உங்களைக் குறை சொல்கிற மாமியாரிடமே அது இருந்திருக்கலாம். இதைப் படித்ததும் உங்களுக்கு வாய் துறுதுறுக்கும், தெரியும். தயவுசெய்து சண்டைக்கு எடுத்துப் போகாதீர்கள். இந்த மாதிரி மறைந்திருக்கும் பிழைகள் சில எல்லார் உடம்பிலும் இருக்கின்றன, என்னிடமும்தான். சொந்தத்தில் கட்டும்போது ஒரே பிழை இரண்டு பக்கமும் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. சொந்தமே இல்லாதவர்களுக்கும் இது நடக்கிறது. முடிந்தால் மரபணு ஆலோசகரிடம் போகும்போது பாட்டியையும் கூட்டிப் போங்கள். நீங்கள் சொன்னால் தர்க்கமாகும், வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

அடுத்த குழந்தை பற்றி. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. "ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது" என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படி இல்லை. தாயம் உருட்டும்போது போன தடவை என்ன விழுந்தது என்று காய்க்கு ஞாபகம் இருக்காது. முதலில் உங்கள் இருவர் ரத்தத்திலும் அந்த ஒரே பிழையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு வழிகள் உண்டு. கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து மாதிரி எடுத்துப் பதிவுபெற்ற மையத்தில் பார்க்கலாம். ஒன்றும் பார்க்காமல் பெற்றுக்கொண்டு, பிறந்த முதல் மாதத்திலேயே காதைச் சோதித்து, தேவையென்றால் ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கலாம். இரண்டு வழியிலும் போகிற தம்பதிகள் என்னிடம் வருகிறார்கள். காது கேளாமை உயிருக்கு ஆபத்தில்லை. அதை வைத்து ஒரு கர்ப்பத்தைப் பற்றி என்ன முடிவெடுப்பது என்பது நீங்களும் உங்கள் கணவரும் பேச வேண்டியது. அதில் நான் தலையிட மாட்டேன், வேறு யாரையும் தலையிட விடவும் வேண்டாம்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

புது அச்சோடு காதுக் கருவி, இந்த வாரமே. ஆபரேஷன் முடிவாகும் வரை விழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டிருக்கட்டும்; இரண்டு, மூன்று மாதத்தில் பலன் இல்லையென்றால் அதுவே இம்ப்ளான்ட்டுக்கான ஆதாரம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம் எங்கே என்று கேட்டுப் போங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் உண்டு. வருமானச் சான்று கேட்பார்கள்; கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், காகிதத்துக்காக மாதங்கள் போவதைப் பார்த்திருக்கிறேன். நகையை அடகு வைத்துத் தனியாரிடம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணம் பிறகு வேண்டும். இம்ப்ளான்ட்டோடு காதுக்கு வெளியே மாட்டும் வெளிக்கருவிக்கு பேட்டரி, வயர், பழுது என்று வாழ்நாள் முழுக்கச் செலவு உண்டு. இதை முன்கூட்டி யாரும் சொல்வதில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் 70 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு என்றால் காது கேளாதவர். மகனுக்கு அடையாள அட்டை வாங்குங்கள். "பிள்ளைக்கு முத்திரை குத்துகிறார்கள்" என்று உங்கள் கணவர் தயங்குவது புரிகிறது. அந்த அட்டை இல்லாமல் பள்ளிச் சலுகை, உதவித்தொகை, ரயில் கட்டணச் சலுகை எதற்கும் வரிசையில்கூட நிற்க முடியாது.

ஆபரேஷன் பாதி வேலை. மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் கருவியை 'ஸ்விட்ச் ஆன்' செய்வார்கள். அதிலிருந்து கேட்டுப் பேசும் பயிற்சி, குறைந்தது ஒரு வருஷம், வாரா வாரம். வீட்டிலிருந்து மையத்துக்கு எத்தனை மணி நேரம் பஸ் என்று கணக்குப் பார்த்துவிட்டு மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் சைகை மொழி கற்றுக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். சைகை பழகினால் பேச்சு வராது என்பது தவறான பயம். குளிக்கும்போதும் தூங்கும்போதும் வெளிக்கருவி கழற்றித்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவனோடு பேச உங்களுக்கு ஒரு மொழி வேண்டும்.

பின்குறிப்புக்கு

"பதினாறு மாதம் மடியில் போட்டுத் தாலாட்டுப் பாடினேன். ஒன்றுகூடவா அவனுக்குக் கேட்டிருக்காது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரிப்போர்ட்டை வைத்துப் பார்த்தால், சாதாரணக் குரலில் பாடியது ஒலியாகக் கேட்டிருக்காது. உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு பாடியபோது உங்கள் விலா எலும்பின் அதிர்வு அவன் கன்னத்தில் பட்டிருக்கும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாட்டை நிறுத்தினால் தலையைத் தூக்கி உங்கள் வாயைப் பார்ப்பான் என்று.

ஸ்விட்ச் ஆன் செய்யும் அன்று வீடியோவில் வருவது போல அவன் சிரிப்பான் என்று எதிர்பார்க்காதீர்கள். நிறையக் குழந்தைகள் பயந்து அழும், அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். முதலில் உங்கள் குரல் அவனுக்குக் குரலாகவே தெரியாது. மூளை பழகப் பல வாரம் ஆகும். பயிற்சியில் என்ன பாட்டு பாடட்டும் என்று அந்த ஆசிரியர் கேட்பார். புதிதாக எதையும் தேட வேண்டாம், அதே தாலாட்டைப் பாடுங்கள். அவன் உங்கள் வாயைப் பார்க்காதபடி முதுகுப்பக்கம் உட்கார்ந்துகொண்டு.